வீட்டுத் தோட்டத்தின் ஓரப் பாத்தியை மாற்றி அமைக்க: பட்டாவில் தொடங்கி மூடாக்கு வரை

திருச்சிக்கு வெளியே ஒரு கிரவுண்டு மனையில் வீடு கட்டிக் குடிவந்த புதிது. நாற்பதுக்கு அறுபது. பின்பக்க ஓரத்தில் பாதி காய்ந்துபோன ஒரு கிளுவை வேலி இருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு, அதே வரிசையில் முப்பது கோல்டன் டுரண்டா நட்டேன். எட்டு மாதத்தில் இடுப்பளவு வளர்ந்து பொன்னிறமாக நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்மனைக்காரர் வீடு கட்ட இடம் பார்க்க வந்தார். வேலியோரம் இரண்டு தடவை நடந்து பார்த்தார்.

"செடியெல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா என் இடத்துல இருக்கே" என்றார்.

அளந்து பார்த்தோம். ஒன்றேகால் அடி அவர் பக்கம் போயிருந்தது. அந்த இடம் விளைநிலமாக இருந்த காலத்தில் யாரோ ஊன்றிய வேலியை நான் மனை எல்லை என்று நம்பியிருக்கிறேன். செடி, மண், கூலி எல்லாம் சேர்த்து 11,000 ரூபாய் வீண். மறுபடி சரியாகச் செய்து முடிக்க ஒரு வருடம் பிடித்தது. அந்த ஒரு வருடத்தில் கற்றதைக் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன். தனி மனையில் வீடு இருப்பவர்களுக்கானது இது. வாடகை வீட்டில் இருப்பவர்களும், எல்லையைப் பற்றிச் சந்தேகமே இல்லாதவர்களும் நேராக 4-ஆம் படிக்குப் போகலாம்.

1. எல்லையை முதலில் காகிதத்தில் பாருங்கள்

நர்சரிக்குப் போவதற்கு முன்னால் பீரோவைத் திறங்கள். எடுத்து வைக்க வேண்டியவை நான்கு:

- கிரயப் பத்திரம். அதில் சொத்து விவரம் எழுதியிருக்கும் பக்கத்தில் செக்குபந்தி, அதாவது நான்கு பக்கமும் யார் யார் இடம் என்பதும், ஒவ்வொரு பக்கத்தின் நீளமும் இருக்கும்.
- பட்டா. வருவாய்த்துறையின் இணையச் சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் கொடுத்தால் வீட்டிலிருந்தே எடுத்துவிடலாம்.
- புலப்படம். நிலத்தின் உருவத்தையும் அளவுகளையும் வரைந்த படம். சர்வேயர்களும் பத்திர எழுத்தர்களும் எஃப்.எம்.பி. என்பது இதைத்தான். இதுவும் அதே தளத்தில் கிடைக்கும். நகர நில அளவைக்கு உட்பட்ட பகுதி என்றால் பெயரும் எண்ணும் வேறு மாதிரி இருக்கும். அப்போது வார்டு, பிளாக், நகரப் புல எண் தேவைப்படும்.
- மனைப்பிரிவு வரைபடம். அங்கீகாரம் பெற்ற லேஅவுட் என்றால் மனை விற்றவர்களிடமே இதன் நகல் இருக்கும்.

இப்போது எண்களை ஒப்பிடுங்கள். பத்திரம் அடியில் பேசும். பட்டா ஹெக்டேர், ஏர் என்று பேசும். புலப்படம் மீட்டரில் இருக்கும், பழைய படம் என்றால் சங்கிலிக் கணக்கில் இருக்கும். ஒரு மீட்டர் என்பது 3.28 அடி. ஒரு சங்கிலி 66 அடி, அதில் 100 லிங்க், ஆக ஒரு லிங்க் எட்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. என் மனை 2,400 சதுர அடி, அதாவது ஐந்தரை சென்ட். பட்டாவில் அது 0.02.23 ஹெக்டேர், அதாவது 2.23 ஏர் என்று வரும். முதல் தடவை பார்த்தபோது என் நிலத்தை யாரோ சுருட்டிவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

இதில் ஒரு பொறி உண்டு. மனை வாங்கிப் பத்திரம் பதிந்து பட்டாவும் பெயருக்கு வந்திருக்கும், ஆனால் அது பலர் பெயரும் சேர்ந்த கூட்டுப் பட்டாவாக இருக்கும். உட்பிரிவு ஆகாத வரை புலப்படத்தில் உங்கள் மனை தனியாகத் தெரியாது, பழைய வயலின் முழு உருவம்தான் தெரியும். அதை வைத்து எல்லை கேட்டால் சர்வேயராலும் பதில் சொல்ல முடியாது. அப்படி இருந்தால் உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்குவதே முதல் வேலை. தோட்ட வேலையை ஒரு பருவம் தள்ளிப்போட்டுவிடுங்கள்.

2. பிறகு தரையில் பாருங்கள்

லேஅவுட் போடும்போது நட்ட கற்களை முழுசாக நம்பாதீர்கள். லாரி ஏறிச் சாய்ந்த கல் உண்டு, ஜேசிபி பெயர்த்ததை யாரோ ஒருவர் நல்லெண்ணத்தோடு "இங்கேதான் இருந்தது" என்று மறுபடி நட்டுவைத்த கல்லும் உண்டு. என் மனையில் இருந்தது இரண்டாவது வகை.

அளக்க இரண்டு வழி இருக்கிறது. முதலாவது அரசு சர்வேயர். நில அளவைக்கு இணையத்திலேயே மனு போடலாம். கட்டணம் எவ்வளவு என்று மனு போடும்போதே திரையில் வரும், கட்டிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பக்கத்து நிலக்காரர்களுக்கும் தகவல் போய், எல்லோர் முன்னிலையிலும் அளப்பதால் இதற்கு மதிப்பு உண்டு. எனக்கு மனு போட்ட நாளிலிருந்து அளக்க வந்த நாள் வரை ஆறு வாரம் ஆனது. நடுவில் ஒரு தேதி கொடுத்து அது மழையில் தள்ளிப்போனது. அதனால் நடவு மாதத்துக்கு நான்கு மாதம் முன்னதாகவே மனு போடுங்கள்.

இரண்டாவது தனியார் சர்வேயர். இரண்டே நாளில் வந்து கருவி வைத்து அளந்து, நான்கு மூலையிலும் ஆணி அடித்துக் காட்டிவிட்டுப் போவார். நான் கொடுத்தது 4,000 ரூபாய். ஆனால் இந்த அளவு அரசு ஆவணம் ஆகாது. பக்கத்து வீட்டாரோடு உறவு நன்றாக இருந்து, இருவருக்கும் உண்மை தெரிந்தால் போதும் என்றால் இது சரி. கொஞ்சம் முறைப்பு இருக்கும் இடத்தில் அரசு சர்வேயர்தான். நான் அவசரப்பட்டுத் தனியாரைக் கூப்பிட்டேன், பின்மனைக்காரர் அரசு அளவுதான் வேண்டும் என்றார். கடைசியில் இரண்டுக்கும் செலவு செய்தேன்.

அளந்து முடித்த அன்றே மூன்று வேலை செய்யுங்கள். மூலைக்கல்லை சிமெண்ட் போட்டு இறுக்குங்கள். ஒவ்வொரு கல்லிலிருந்தும் வீட்டின் ஏதாவது இரண்டு மூலைக்கு டேப் பிடித்துத் தூரத்தைக் குறித்து வையுங்கள். நாளைக்குக் கல் காணாமல் போனாலும் அந்த இரண்டு தூரத்தை வைத்து இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். அப்புறம், டேப் பிடித்த நிலையிலேயே போட்டோ எடுங்கள்.

3. பக்கத்து வீட்டில் போய்ப் பேசுங்கள்

இதற்குச் செலவில்லை, ஒரு காபிதான். செடி நட்ட பிறகு பேசுவதை விட முன்னால் பேசுவது எவ்வளவோ சுலபம். பேச வேண்டியது மூன்று விஷயம்.

அவர்கள் அடுத்து என்ன கட்டப் போகிறார்கள்? கம்பவுண்டு சுவர் எழுப்பும் எண்ணம் இருந்தால், அது முடியும் வரை அந்த ஓரத்தில் கைவைக்காதீர்கள். கடைக்கால் தோண்டும்போது உங்கள் பக்கமும் மண் சரியும், கலவை கொட்டும், கொத்தனார் நின்று வேலை செய்ய மூன்றடி இடம் கேட்பார். சுவர் நீங்கள் எழுப்புவதாக இருந்தால் உள்ளாட்சி அலுவலகத்தில் அனுமதி பற்றி முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இலைக்குப்பை. செடி உங்களுடையது, குப்பை அவர்களுடையது என்று ஆகிவிட்டால் அந்த உறவு ஆறு மாதம் தாங்காது. எல்லைக் கோட்டின் மேலேயே நடாமல் புதர்ச்செடியை இரண்டடி, சிறு மரத்தைக் குறைந்தது ஆறடி உள்ளே தள்ளி நட்டால் பாதிச் சண்டை வராது.

பாம்பு. இதைப் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான் கேட்பார்கள், கேட்பது நியாயமும்கூட. அடர்ந்த வேலி என்றால் எலி வரும், எலி வந்தால் பாம்பு வரும். தரையிலிருந்து ஒரு அடி உயரத்துக்கு இலை இல்லாமல் கழித்துவிடுவேன் என்று சொல்லுங்கள், சொன்னபடி செய்யுங்கள்.

வேலியைப் பொதுவாக வைத்துக்கொள்வது என்று முடிவானால், யார் பக்கம் யார் வெட்டுவது, சொட்டுநீர்க் குழாய் யாருடையது என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இடத்தையே கூட்டிக் குறைத்து எல்லையை மாற்றிக்கொள்வது என்றால் வெள்ளைத்தாள் போதாது, அது பதிவு அலுவலகம் வரை போக வேண்டிய விஷயம்.

எந்தத் திசையில் எந்த மரம் கூடாது என்ற சாஸ்திரப் பேச்சும் இந்தக் கட்டத்தில் வரும். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனாலும் வீட்டுப் பெரியவர்களிடம் நடுவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. காய்க்கிற முருங்கையை வெட்டச் சொல்லும்போது வருகிற வருத்தம் எனக்குத் தெரியும்.

4. மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது?

வீடு கட்டியவர்கள் கடைசி நாளில் எல்லாக் கழிவையும் எங்கே தள்ளுவார்கள்? ஓரத்தில்தான். மேலே நாலு அங்குலம் செம்மண் தூவியிருக்கும், அடியில் உடைந்த செங்கல், சிமெண்ட் கட்டி, டைல்ஸ் துண்டு, சிமெண்ட் சாக்கு. என் பின்பக்க ஓரத்தில் ஒரு அடி ஆழம் தோண்டியதில் டிராக்டர் நிறையக் கழிவு வந்தது.

அதோடு சேர்த்து, தோண்டுவதற்கு முன் இவை எங்கே போகின்றன என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள்: செப்டிக் டேங்க், அதற்குப் போகும் குழாய், சம்ப், போர்வெல் ஒயர், மின்சார எர்த் குழி, மழைநீர் சேகரிப்புக் குழி. மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003-லிருந்து கட்டாயம் என்பதால் உங்கள் வீட்டிலும் எங்காவது ஒரு குழி இருக்கும், பெரும்பாலும் ஓரத்தில்தான். அதை மண் போட்டு மூடிப் பாத்தி கட்டிவிடாதீர்கள். பிளம்பர் போன் நம்பர் இருந்தால் ஒரு தடவை கூப்பிட்டுக் கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை. ஆள் கடப்பாரையை ஓங்கிய முதல் குத்திலேயே குளியலறைக் குழாய் உடைந்தது. அரை நாள் வேலையும் போனது, மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றதுதான் மிச்சம்.

கம்பவுண்டு சுவரின் கடைக்கால், சுவரை விட அகலமாக உள்ளே நீண்டிருக்கும். சுவரை ஒட்டி ஒரு அடிக்குள் எதையும் ஆழமாகத் தோண்ட வேண்டாம், நடவும் வேண்டாம். அந்த ஒரு அடியைச் சும்மா விடுங்கள். மண்ணைச் சுவரோடு அணைத்தால் ஓதம் ஏறி, இரண்டு மழையில் பூச்சு உரியும். வெள்ளையடிக்க ஆள் வந்தால் கால் வைக்கவும் இடம் வேண்டுமே.

5. வெயில் எங்கே விழுகிறது என்று பாருங்கள்

இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறோம். நானும் போனேன்.

வீட்டுச் சுவர் நிழல் எப்போதும் ஒரே இடத்தில் விழுவதில்லை. திருச்சியில் சித்திரை பிறந்து சில நாளில் சூரியன் நண்பகலில் நேர் உச்சிக்கு வருகிறது. அதிலிருந்து ஆவணி முதல் வாரம் வரை நண்பகல் வெயில் சற்று வடக்கிலிருந்து அடிக்கும். மீதி மாதங்களில் தெற்கிலிருந்து. மார்கழியில்தான் நிழல் மிக நீளம். ஆறடிச் சுவர் நண்பகலிலேயே வடக்குப் பக்கம் நான்கடி நிழல் போடும்.

என் பின்பக்கம் வடக்கு. கைப்பிடிச் சுவரோடு வீட்டு உயரம் 14 அடி. மார்கழி நண்பகலில் வீட்டு நிழல் ஒன்பதரை அடி நீளும். பாத்தியோ வீட்டிலிருந்து எட்டாவது அடியில் தொடங்குகிறது. பொங்கலுக்குப் பூக்கும் என்று புரட்டாசியில் செண்டுமல்லி போட்டேன், குச்சி குச்சியாக வளர்ந்து வெயிலைத் தேடிச் சாய்ந்ததுதான் மிச்சம். அதே இடத்தில் ஆடியில் வெயில் வெளுத்து வாங்குகிறது.

சுருக்கமாக இப்படி வைத்துக்கொள்ளலாம். கிழக்குச் சுவரோரப் பாத்திக்கு மாலை வெயில், சூடும் அதிகம். அங்கே அரளி, காகிதப்பூ போன்ற கெட்டிச் செடிகள். மேற்குச் சுவரோரத்துக்குக் காலை வெயில், மாலையில் நிழல். கீரை, ரோஜா, மென்மையான எதுவும் அங்கே. தெற்குச் சுவரோரம் மழைக்காலத்திலும் குளிரிலும் நிழலில் ஈரமாகவே இருக்கும், கற்பூரவள்ளியும் வெற்றிலையும் வைக்கலாம். வடக்குச் சுவரோரத்துக்குத்தான் மார்கழியிலும் வெயில், நடுவில் உங்கள் வீடே மறைக்காவிட்டால்.

ஒரு வருடம் காத்திருக்க முடியாது என்றால், ஒரு விடுமுறை நாளில் காலை எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு மணிக்குப் பாத்தி வரும் இடத்தைப் போட்டோ எடுங்கள். நிழல் விளிம்பைக் குச்சி நட்டுக் குறியுங்கள். மற்ற மாதக் கணக்கை மேலே சொன்னபடி கூட்டிக் கழித்துக்கொள்ளலாம்.

தண்ணீரையும் இதோடு பார்த்துவிடுங்கள். ஓரத்தில் ஒரு அடி ஆழக் குழி வெட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். மறுநாளும் தண்ணீர் நின்றால் அங்கே தரைமட்டத்தில் நடாதீர்கள், பாத்தியை முக்கால் அடி உயர்த்திக் கட்டுங்கள்.

6. மண் பரிசோதனை

அலுப்பாகத் தோன்றும், ஆனால் என் அனுபவத்தில் கொடுத்த காசுக்கு அதிகம் திரும்பக் கொடுத்தது இதுதான். மேல் குப்பையை விலக்கிவிட்டு, ஆங்கில "வி" வடிவத்தில் அரை அடி ஆழக் குழி வெட்டி, குழியின் பக்கவாட்டிலிருந்து ஒரு அங்குல கனத்துக்கு மண்ணைச் செதுக்குங்கள். இப்படி ஏழெட்டு இடத்தில் எடுத்து ஒன்றாகக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கைக் கழித்து, மிஞ்சுவது அரைக் கிலோ ஆகும் வரை குறையுங்கள். நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போட்டு, பெயர், இடம், என்ன நடப் போகிறீர்கள் என்பதை எழுதி உள்ளே வையுங்கள். உரம் போட்ட இடத்திலும் மரத்தடியிலும் எடுக்காதீர்கள். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ கொடுக்கலாம். திருச்சி மாவட்டத்துக்கான வேளாண் அறிவியல் நிலையம் சிறுகமணியில் இருக்கிறது. கட்டணம் ஒரு ஹோட்டல் சாப்பாட்டுச் செலவுக்குள் முடிந்தது. முடிவு வர எனக்கு மூன்று வாரம்.

என் மண்ணின் பி.எச்., அதாவது அமில, கார அளவு 8.8. காரம் ஏறிய களர் மண். திருச்சியைச் சுற்றிப் பல இடங்களில் இது உண்டு. நாவலூர் குட்டப்பட்டு வேளாண் கல்லூரியில் களர் நிலத்துக்கென்றே நெல் ரகம் உருவாக்கியிருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதோடு சிமெண்ட் கழிவின் சுண்ணாம்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இந்த எண் தெரிந்ததும் ஒரு பழைய குழப்பம் தீர்ந்தது. வாசல் ஓரத்தில் நட்ட இட்லிப்பூச் செடிகளின் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். உரம் குறைவு என்று நினைத்துக் கொட்டிக்கொண்டே இருந்தேன். உரம் காரணமே இல்லை, பி.எச். ஏறிய மண்ணில் இருக்கிற இரும்புச்சத்தையே வேரால் எடுக்க முடியவில்லை. களர் என்று வந்தால் ஜிப்சம் பரிந்துரைப்பார்கள். எவ்வளவு என்பதைப் பரிசோதனை முடிவுப்படி போடுங்கள். போட்ட பின் நல்ல தண்ணீர் நிறையப் பாய்ச்சி, அது வடிந்து வெளியேறவும் வழி இருக்க வேண்டும். வடிகால் இல்லாத இடத்தில் ஜிப்சம் போட்டுப் பயனில்லை. அடுப்புச் சாம்பலையும் சுண்ணாம்பையும் "செடிக்கு நல்லது" என்று போடாதீர்கள், பி.எச். இன்னும் ஏறும்.

7. கோலமாவால் வரையுங்கள்

காகிதத்தில் வரைந்தது தரையில் வேறு மாதிரி தெரியும். தண்ணீர்க் குழாயைத் தரையில் வளைத்துப் போட்டு, பிடித்த வளைவு வந்ததும் அதன் ஓரமாகக் கோலமாவு தூவுங்கள். ஒரு வாரம் அப்படியே விடுங்கள். துணி காயப்போடப் போகிறவர், வண்டி நிறுத்துகிறவர், குழந்தைகள் எல்லோரும் எங்கே மிதிக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். மிதிபடும் இடத்தில் பாத்தி வேண்டாம், வழியை மாற்றவும் முயலாதீர்கள். எங்கள் வீட்டில் கோட்டை மூன்று முறை அழித்து வரைந்தோம், மூன்றாவது கோடு துணிக்கொடிக்காக.

அகலம்: ஒரு பக்கத்திலிருந்து மட்டும் கை நீட்ட முடியும் பாத்தி என்றால் இரண்டரை அடிக்கு மேல் போகாதீர்கள். அதற்கு மேல் போனால் களையெடுக்க உள்ளே ஏற வேண்டும், ஏறினால் மண் இறுகும்.

விளிம்புக்குச் செங்கல்லைச் சாய்த்துப் பாதி புதைத்துப் பல் பல்லாக வைப்பதே போதும், கொத்தனார் தேவையில்லை. நாற்பது அடிக்கு 120 செங்கல் பிடித்தது. சிமெண்ட் பூசி நிரந்தரமாகக் கட்டுவதை முதல் வருடம் தவிர்த்துவிடுங்கள், எப்படியும் மாற்றத் தோன்றும்.

மண் கணக்கு எளிது. 40 அடி நீளம், இரண்டரை அடி அகலம், ஒரு அடி ஆழம் என்றால் 100 கன அடி. மண், மணல் விற்பவர்கள் சொல்லும் ஒரு யூனிட் அதுதான். அதில் பாதி செம்மண், மீதி மக்கிய தொழு உரமும் சலித்தெடுத்த பழைய மண்ணும். "செம்மண்" என்று சொல்லி சுக்கான் (சுண்ணாம்புக் கல்) கலந்த கிராவலைக் கொட்டிவிட்டுப் போவதும் உண்டு. வண்டி கவிழ்ப்பதற்கு முன் ஒரு பிடி எடுத்து நனைத்து உருட்டிப் பாருங்கள்.

8. எந்தச் செடி?

நட்டபின் யார் எத்தனை நாளுக்கு ஒருமுறை வெட்டப் போகிறார்கள்? இதற்குப் பதில் தெரிந்தால் செடி தானாக முடிவாகும். கோல்டன் டுரண்டாவை மழைக்காலத்தில் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை வெட்டாவிட்டால் பரட்டையாகிவிடும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. அதனால் இரண்டாம் தடவை நந்தியாவட்டையும் செம்பருத்தியும் மாற்றி மாற்றி வைத்தேன், நடுநடுவே நொச்சி. நந்தியாவட்டை மூன்றடி இடைவெளி, செம்பருத்தி நான்கடி. முதல் வருடம் இடைவெளி வெறிச்சென்று தெரியும். கீரையோ செண்டுமல்லியோ தூவி நிரப்புங்கள், நெருக்கி மட்டும் நடாதீர்கள்.

செம்பருத்தியில் மாவுப்பூச்சி வரும், இது எழுதப்பட்ட விதி. லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு மாலையில் இலையின் அடிப்பக்கம் தெளியுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் அந்தக் கிளையையே வெட்டி எறியுங்கள்.

அரளி எந்த மண்ணிலும் நிற்கும், ஆனால் இலையும் பூவும் தண்டும் எல்லாமே விஷம். டுரண்டாவின் மஞ்சள் பழமும் அப்படியே. சின்னக் குழந்தையோ ஆடு மாடோ வரும் இடத்தில் இரண்டும் வேண்டாம். சீக்கிரம் சுவர்போல் வளரும் என்று கோனோகார்பஸ் மரத்தைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். குஜராத்தில் 2023-லேயே அதை நடத் தடை போட்டார்கள். வேர் குழாய்களைத் தேடிப் போகும், பக்கத்தில் செப்டிக் டேங்க் இருந்தால் நினைத்துப் பாருங்கள். முருங்கை வேண்டுமென்றால் வையுங்கள், ஆனால் பக்கத்து வீட்டுக் கார் நிற்கும் பக்கம் வேண்டாம், காற்றுக்கு முறியும்.

செலவே இல்லாத வேலி வேண்டுமென்றால் கிளுவைப் போத்து, அதாவது வெட்டி ஊன்றும் கிளைத்துண்டு. கட்டைவிரல் கனமான போத்துகளை ஒரு அடி இடைவெளியில் மழைக்கு முன் ஊன்றினால் போதும். நான் பிடுங்கி எறிந்த வேலியும் அதுதான் என்பது இப்போது யோசித்தால் வலிக்கிறது.

9. பழைய செடியை இடம் மாற்ற

பின்மனைக்காரர் பெருந்தன்மையாக இரண்டு மாதம் தவணை கொடுத்தார். வைகாசியில் அவசரமாகப் பிடுங்கி நட்ட பத்தில் ஒன்பது செத்தன. ஆவணியில் முறையாகச் செய்த பத்தில் எட்டு பிழைத்தன. மீதியைக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். முறை இதுதான்: பெயர்ப்பதற்கு மூன்று வாரம் முன்பே செடியைச் சுற்றி ஒரு அடி தள்ளி மண்வெட்டியால் வட்டமாக வெட்டிவிடுங்கள், வெட்டிய இடத்தில் புது வேர் விடும். பெயர்க்கும் நாளுக்கு முந்தின இரவு நன்றாக நீர் ஊற்றி, இலையைப் பாதியாகக் கழித்து, மாலையில் மண் உடையாமல் சாக்கில் கட்டித் தூக்குங்கள். நட்டபின் ஒரு வாரம் தென்னங்கீற்று நிழல்.

10. எந்த மாதத்தில் என்ன, எவ்வளவு ஆனது

மாசி, பங்குனியில் காகித வேலையும் சர்வே மனுவும். சித்திரை, வைகாசியில் கழிவு தோண்டுவது, விளிம்பு, குழாய். வெயிலில் ஆள் கிடைப்பது கஷ்டம், காலை ஆறு மணிக்கே தொடங்கச் சொல்லுங்கள். ஆனியில் மண் நிரப்பி, ஜிப்சம் போட்டுத் தண்ணீர் விட்டு ஆற விடுங்கள். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது காய்கறிக்குச் சரி, ஆனால் வேலிச் செடிக்கு இங்கே ஆடிக்காற்று ஆகாது, இளங்கன்றைச் சுழற்றி வேரை அசைத்துவிடும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கும். அதற்கு மூன்று வாரம் முன்னால், புரட்டாசி நடுவில் நட்டால் மழை வரும்போது வேர் பிடித்திருக்கும்.

என் நாற்பதடிப் பாத்திக்கு ஆனது (ஊருக்கு ஊர் மாறும், பேரம் பேசுவதற்கு ஒரு அளவாக வைத்துக்கொள்ளுங்கள்):

- தனியார் சர்வேயர்: ரூ.4,000
- கழிவு தோண்ட இரண்டு ஆள், இரண்டு நாள்: ரூ.3,600
- கழிவை ஏற்றிப்போக டிராக்டர்: ரூ.1,500
- செம்மண் அரை யூனிட்: ரூ.2,500
- தொழு உரம், வேப்பம்புண்ணாக்கு, ஜிப்சம்: ரூ.2,000
- செங்கல்: ரூ.1,200
- செடிகள்: ரூ.1,400
- சொட்டுநீர்க் குழாய்: ரூ.1,200

மொத்தம் 17,400. அரசு அளவைக் கட்டணம், உடைந்த குழாய், முதல் தடவை தொலைத்த 11,000 இதில் சேரவில்லை. செடிக்கு ஆனது இதில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். நர்சரிக்காரரிடம் ஐந்து ரூபாய்க்கு வாதாடாமல் நல்ல செடியாக, பையின் அடியில் வேர் சுருண்டு வெளியே வராததாகப் பார்த்து எடுங்கள்.

11. முதல் ஆறு மாதம்

நட்ட அன்றே மூடாக்கு போடுங்கள். காய்ந்த இலை, கரும்புச் சோகை, தென்னை நார் எதுவானாலும் இரண்டு மூன்று அங்குலக் கனத்துக்கு, தண்டைத் தொடாமல் நான்கு விரல் தள்ளி. கரையான் இருக்கும் இடமென்றால் அடியில் வேப்பம்புண்ணாக்கு தூவிவிட்டுப் போடுங்கள். மழை நிற்கும் வரை உரம் வேண்டாம். தையில் முதல் தடவை நுனி கிள்ளுங்கள், பக்கக் கிளை அடிக்கும். மாசியிலிருந்து வாரம் இரண்டு முறை ஆழமாகத் தண்ணீர். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும், சித்திரை வெயிலில் வாடும்.

வாசல் பக்கம் சுவருக்கு வெளியே, சாலையோரம் மண் சும்மா கிடக்கிறதே என்று அங்கேயும் நீட்டிக்க ஆசை வரும். அது உங்கள் இடமில்லை. வடிகால் வெட்ட வரும் நாளில் எல்லாம் போகும். இழந்தால் வருந்தாத செண்டுமல்லி, டேபிள் ரோஸ் மாதிரி எதையாவது வைத்துக்கொள்ளுங்கள்.

பின்மனையில் இப்போது வீடு எழும்பிவிட்டது. போன வாரம் அந்த வீட்டு அண்ணன் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து நொச்சிப் போத்து நாலு கேட்டார். வெட்டி வைத்திருக்கிறேன். சுவரிலிருந்து எத்தனை அடி தள்ளி ஊன்ற வேண்டும் என்பதையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கட்டியிருக்கிறேன்.